ஏன் தோத்தோம், பாய்?

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசமெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும். காலையில் நான் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பித்தளைத் தூக்கோடு வந்து நிற்பாள். நான் பாத்திரத்தை நீட்டுவேன். பாலை ஊற்ற மாட்டாள். சிராங்கூன் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ நேற்று நடந்ததைப் போல ஆரம்பிப்பாள்.

"பாய், பந்து அவன் காலுக்குத்தானே வந்துச்சு? கோல்காரன் வழுக்கி விழுந்து கெடந்தான். சும்மா தட்டி விட்டிருந்தாக்கூடப் போதும். ஏன் அடிக்கல?"

"அக்கா, பால்."

"ஊத்துறேன் இருங்க. ஏன் தோத்தோம், அதைச் சொல்லுங்க."

அந்த ஆட்டம் நடந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. கோப்பையை வாங்கிப் போனவர்களே அதை மறந்து அடுத்த பந்தயத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன்கள் தோற்ற துக்கத்தை இரண்டு நாளில் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் ஒருத்திதான் இன்னும் மைதானத்தை விட்டு வீட்டுக்கு வரவில்லை.

நான் தையல்காரன். நாகூரிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, இங்கே ஒரு மிஷினை வாங்கிப் போட்டு, கடை வைத்தவன். அவள் எனக்குப் பால் ஊற்றுகிறவள். லெம்பு ரோட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாலைந்து மாடு வைத்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பால்காரக்கா. புருஷன் காய்ச்சலில் போனபிறகு, ஊரிலிருந்த தம்பியை வரவழைத்துத் தானே வளர்த்தாள். தம்பி என்று பேர்தான், அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்று கேட்பதில் பெற்றவளைத் தோற்கடித்துவிடுவாள். அவன் வளர்ந்து, தங்ளின் பக்கம் ஒரு துரை வீட்டுக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவான்.

முடிந்ததை முடிந்தது என்று விட்டுவிடும் புத்தி அவளுக்குக் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு 'ஏன்' வேண்டும். ஒருமுறை ரிக்‌ஷாக்காரன் ஒருவன் மோதி அவள் தூக்கு கவிழ்ந்துவிட்டது. அந்தச் சீனன் பாலுக்கு விலை தருகிறேன் என்கிறான், இவள் விலை வேண்டாம், ஏன் இந்தப் பக்கம் திரும்பினாய், அதைச் சொல் என்று வண்டியை மறித்துக்கொண்டு நிற்கிறாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சீனம் தெரியாது. பின்னால் டிராம் வந்து மணி அடித்த பிறகுதான் வழிவிட்டாள். புருஷன் இறந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை வழியில் கண்டால், "அன்னிக்கு அந்த மருந்தை ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்பாள். அந்த மனுஷன் இவளைத் தூரத்தில் பார்த்தாலே சந்தில் நுழைந்துவிடுவார்.

"தெரிஞ்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சா மனசு அடங்கும் பாய்," என்றாள். அதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

பந்தாட்டப் பைத்தியம் அவளைப் பிடித்ததற்கு மாடுகள்தான் காரணம். குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் மாட்டை மேயவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் எங்கள் பையன்கள் சாயங்காலத்தில் பந்து உதைப்பார்கள். அச்சாபீசில் வேலை பார்ப்பவன், முனிசிபாலிட்டி வேலைக்காரன், என் ஜாதி வியாபாரி மகன் ஒருவன், இவள் தம்பி என்று கலந்து கட்டிய கூட்டம். எல்லோரும் வெறுங்கால். முதலில் தம்பியைப் பார்க்கத்தான் பார்த்தாள். பிறகு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு மாட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மாடு துரைமார் தோட்டத்துக்குள் போய், அவள் அபராதம் கட்டியதும் உண்டு.

உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது. பந்து போகும் பக்கமெல்லாம் கோட்டுக்கு வெளியே இவளும் ஓடுவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மாட்டுக் கயிறோடு, "விடாத, விடாத, இந்தப் பக்கம் தள்ளு" என்று கத்துவாள். எல்லாச் சட்டமும் அவளுக்குத் தெரியும். ஆஃப்சைடு சட்டத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "முந்திப் போனவனைப் பிடிச்சுத் தண்டிக்கிறதா? இது எந்த ஊரு நியாயம் பாய்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், நான்தான் அந்தச் சட்டத்தை எழுதியவன் போல.

அந்த வருஷம் ஒரு துணி வியாபாரி வெள்ளிக் கோப்பை வைத்தார். எங்கள் பையன்கள் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். நான் கூலி வாங்காமல் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தேன், வெள்ளைத் துணியில் பச்சைக் கழுத்து. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கிவிட்டோம். அப்போதுதான் அவள் கோட்டோரத்திலேயே மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். இந்த ஆட்டம் ஜெயித்தால் தம்பியைத் தீமிதிக்க இறக்குகிறேன் தாயே என்று. இங்கே பொம்பளைகள் தீயில் இறங்குவதில்லை. அதனால் தன் வேண்டுதலுக்குத் தம்பியின் காலைக் கொடுத்தாள். அப்படி நேர்ந்துகொள்வது அவர்களிடம் சாதாரணம். எங்கள் பக்கத்திலும் பிள்ளைக்காகப் பெற்றவர் நேர்ச்சை செய்வது உண்டு, அதனால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் தம்பி மூன்று கோல் போட்டான்.

கோப்பைக்கான ஆட்டம் தீமிதிக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டியது. அவள் அந்தக் கணக்கில்தான் இருந்தாள். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமாகி, ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் தள்ளி வைத்தார்கள். கடைசியில் தீமிதி முடிந்த அதே வாரத்தில் வந்து நின்றது. நேர்ந்ததை ஒத்திப்போட அவளுக்குத் துணிவில்லை. "தாயி பார்த்துக்குவா பாய், பூ மேல நடக்கிற மாதிரிதான் இருக்கும்," என்றாள். அவனும் விரதம் இருந்து, மஞ்சள் கட்டி, சிராங்கூன் ரோட்டிலிருந்து கூட்டத்தோடு நடந்து போய்த் தீயில் இறங்கினான். அவள் அந்த நேரத்தில் கோயில் பிராகாரத்தில் அடிக்கொரு தரம் விழுந்து கும்பிட்டு வந்துகொண்டிருந்தாள். அவன் இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம், தொழுதுவிட்டு வந்து நான் கடையைத் திறக்கிறேன், அவன் பின்கட்டு வழியாக வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நின்ற விதமே சரியில்லை. துணி மூட்டை மேல் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்துக் கிடந்தன. இடது கால் சதை உரிந்திருந்தது.

"முன்னால போனவர் நடுவுல தயங்கி நின்னுட்டாரு பாய். நானும் நிக்க வேண்டியதாப் போச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க ஏன்டா வந்தே?"

"ஆஸ்பத்திரியில நம்ம ஆளு யாராவது பார்ப்பான். கால் சுட்டுச்சுன்னா விரதத்துல குத்தம்னு பேசுவானுங்க. அது பரவாயில்ல. அக்கா காதுக்குப் போகக் கூடாது. நேர்ந்தது அவ. ஆட்டத்துக்கு முன்னால என் காலை அவளே சுட்டுட்டான்னு ஆயிடும். தாங்க மாட்டா பாய்."

சுண்ணாம்புத் தெளிவில் தேங்காயெண்ணெய் விட்டு அடித்து, வெண்ணெய் போல் ஆக்கித் தடவினேன். சட்டை தைத்ததில் மிஞ்சிய துணியைக் கிழித்துக் கட்டினேன். ஆட்டத்துக்குப் போகாதே என்று சொன்னேன். அதற்கு அவன் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை.

"ஆடலன்னா ஏன்னு கேப்பா. அவ கேக்க ஆரம்பிச்சா விடமாட்டாள்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கா தெரியாது?

ஆட்டத்தன்று கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் இறங்கினான். கட்டோடு போனால் அக்கா பார்த்துவிடுவாள். சேறு உள்ளங்காலை மறைத்துக்கொண்டது. ஊரே சேர்ந்து சத்தம் போட்டது, நான் மட்டும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். ஆளுக்கொரு கோலில் ஆட்டம் சமமாக நின்றது. முடியப்போகிற நேரத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. எதிர்க் கோல்காரன் வழுக்கி விழுந்து கிடக்கிறான், முன்னால் யாருமில்லை. அவன் வலது காலைத் தூக்கினான். ஊன்றிய இடது கால் தாங்கவில்லை. உடம்பு சாய்ந்து, பந்தை விரலோரத்தால் தொட்டான். அது உருண்டு கம்பத்துக்கு வெளியே போயிற்று. அடுத்த ஓட்டத்திலேயே எதிர்க் கட்சிக்காரர்கள் கோல் போட்டுவிட்டார்கள்.

அவள் கோட்டோரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. கலைந்து போகும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்து கேட்டாள். "ஏன் தோத்தோம், பாய்?"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

முதலில் மழையைப் பிடித்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்தாள். கழுத்தை இறுக்கமாகத் தைத்துவிட்டேனாம், பையன்களுக்கு மூச்சு முட்டியதாம். நான் கடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்து, மாட்டிப் பாருங்கள் என்றேன். ரவிக்கைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு தெருவில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்து, "இல்ல, கழுத்து சரியாத்தான் இருக்கு," என்று கழற்றிக் கொடுத்தாள். அப்புறம் எங்கள் கோல்காரன் முறை. அவனுக்குக் கல்யாணமாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒழுங்காகத் தூங்கினானா என்று அந்தப் புதுப்பெண்ணிடமே போய்க் கேட்டாள். அந்தப் பெண் ஒரு மாதம் வாசலுக்கு வரவில்லை. விசில் ஊதியவர் ஒரு குமாஸ்தா. அவர் வீட்டு வாசலில் தினம் காலையில் போய் நின்றாள். அவர் பாலை வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

தம்பி பல வாரம் வரவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கக்கூட வரவில்லை. துரை வீட்டுக் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். "தோத்த வெக்கம் பாய். எம் மூஞ்சியப் பார்க்கக் கூசுறான்," என்பாள். கால் ஆறி, அவன் திரும்ப வரத் தொடங்கியபோது, அவனிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, என் கடைக்கு ஓடிவந்து என்னிடம் கேட்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவனை வழியிலேயே மறித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பங்களுக்கு நடுவே என்னைக் கைலியோடு நிற்க வைத்தாள். "நீங்கதான் கோல்காரன். விழுந்து கெடங்க," என்றாள். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்றேன். "சரி, உக்காருங்க லா," என்றாள். பையன்களிடம் வாங்கி வந்த பந்தைச் சேற்றில் வைத்து, பின்னால் போய், ஓடி வந்து உதைத்தாள். அது என் நெஞ்சில் பட்டு உள்ளே போயிற்று. கொஞ்சம் தள்ளி நின்ற மலாய்ப் போலீஸ்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? இந்த வயசுல நானே போட்டுட்டேன். அவன் ஏன் போடல?"

உண்மை என் தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லித் தொலைத்துவிட்டால் என் நெஞ்சு பிழைக்கும், தெரு பிழைக்கும். ஆனால் தெரிந்தால் இவள் அடங்குவாளா? புருஷன் செத்ததற்கு ஒரு கம்பவுண்டரை இத்தனை வருஷம் துரத்துகிறவள், தம்பி காலைத் தானே சுட்டாள் என்று தெரிந்தால் எவனைத் துரத்துவாள்? கைலியைத் தட்டிவிட்டு எழுந்தேன். "மழைதான் அக்கா," என்றேன்.

"மழை அவங்களுக்கும்தானே பெஞ்சுது?" என்றாள்.

மறுவருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் தீவில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. ஒருநாள் காலை அவள் வந்தாள், கையில் தூக்கு இல்லை. அதிசயமாகக் கடைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் மிஷினை நிறுத்தினேன்.

"சிவப்பிக்குக் கோமாரி பாய். குளம்பு வெந்து கெடக்கு."

"அடடா. மருந்து போட்டீங்களா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "நேத்து அதைத் தொட்டிக்கு ஓட்டிட்டு வந்தேன். ஒரு காலைத் தூக்கினா இன்னொரு கால் தாங்கல. ஓரத்தை ஊனி ஊனி, சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன். அவன் அன்னிக்கு அப்படித்தான் பாய் ஓடினான். உள்ளங்காலை ஊனவே இல்ல. தெனம் மாட்டுக் குளம்பைப் பார்க்கிறவ நான். எனக்குத் தெரியலியே."

நான் மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு மிச்சமும் தெரிந்துவிட்டது.

"உங்ககிட்டதான் வந்தானா?"

தலையாட்டினேன்.

"ரொம்ப வெந்திருந்துச்சா?"

"ஆறிடுச்சு அக்கா. இப்ப நல்லா நடக்கிறான்ல?"

"ஜெயிக்கணும்னு அவன் காலை நேர்ந்தேன். அந்தக் காலாலதான் ஜெயிக்கணும்னு எனக்குத் தோணல பாய். ஊரெல்லாம் போயி நீ ஏன் தோக்கடிச்சே, நீ ஏன் தோக்கடிச்சேன்னு கேட்டேனே." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்க வழியில்லாமல் மிஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரியக் கூடாது பாய். தெரிஞ்சா அவன் எம் முன்னால இனிமே காலை நீட்டி உக்கார மாட்டான். சோறு போடும்போதெல்லாம் காலை மடக்கி ஒளிச்சு வச்சுக்குவான்."

"நான் சொல்ல மாட்டேன். அப்ப இனிமே யாரையும் கேக்காம, நிம்மதியா இருங்கக்கா."

என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நிறுத்துனா அவன் கண்டுபிடிச்சுடுவானே. இத்தனை நாள் கேட்டவ ஒரே நாள்ல நிறுத்துனா அவனுக்கு ஏன்னு தோணாதா?"

சிவப்பி பிழைத்துக்கொண்டது. மறுபடி தூக்கோடு வந்தாள். மறுபடி கேட்டாள். மழை, விசில் ஊதியவர், என் சட்டைக் கழுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். முன்னைவிடச் சத்தமாகக் கேட்டாள் என்றுகூடச் சொல்வேன். பதில் தெரிந்துகொண்டு ஒருத்தி கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் கொடுமை கிடையாது. அவள் மனசு அடங்கவில்லை. அவள் வாய்க்கும் கால்களுக்கும் ஓய்வில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என் கடையில் உட்கார்ந்திருந்தான். புதுச்சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். அவனைப் பார்க்காதவள்போல் என்னிடம் திரும்பி, "பாய், நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அந்தப் பந்துலதான் கோளாறு. மழையில நனைஞ்சு கனத்துப்போச்சு. அதான் தோத்தோம். இல்லியா?" என்றாள்.

"இருக்கும் அக்கா," என்றேன். பால் ஊற்றிவிட்டுப் போனாள்.

அவன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலை நன்றாக நீட்டிக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டான்.

"பார்த்தீங்களா பாய், இன்னும் பந்தைத் திட்டிக்கிட்டு இருக்கா. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமப் பார்த்துக்கிட்டோம். நான் அக்காவுக்குச் செஞ்ச நல்லது அது ஒண்ணுதான்."

நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஆமாம்ப்பா," என்றேன். பக்கத்துக் கடை வாசலில், எங்கள் இருவருக்கும் நன்றாகக் காதில் விழும்படி, அவள் அடுத்த ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.